முகவரி யார் பெயரில்?

கண்டி டவுனில் கொழும்பு வீதி, காசல் ஹில் வீதிப் பக்கம் நடக்கும்போது கடைப் பலகைகளின் அடி ஓரத்தைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். மேலே கடையின் பெயர் மூன்று மொழியிலும் பெரிதாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் தொலைபேசி இலக்கம், அதற்குப் பக்கத்தில் மின்னஞ்சல். பழைய பலகை என்றால் @ குறிக்குப் பிறகு 'எஸ்எல்டிநெட் டொட் எல்கே' என்றோ, 'யுரேகா டொட் எல்கே' என்றோ, இன்னும் பழசு என்றால் 'ஸ்ரீ டொட் லங்கா டொட் நெட்' என்றோ இருக்கும். புதுப் பலகை எல்லாம் ஜிமெயில். பெயின்ட் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை. @க்குப் பின்னால் இருப்பதை வைத்தே கடையின் வயதைச் சொல்லிவிடலாம்.

இணைப்புத் தருகிற நிறுவனத்தின் முகவரியா, ஜிமெயில் மாதிரி வெப்மெயிலா என்ற கேள்வியை இந்தக் காலத்தில் யார் கேட்பார்கள் என்று நினைக்கலாம். எங்கள் குடும்பத்தில் ஒருவர் கேட்கிறார். பெரியப்பா.

பெரியப்பாவுக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரம். மாத்தளை, உக்குவளைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் வாங்கி, காயவைத்து, தரம் பிரித்து விற்பார். பெரும்பகுதி கொழும்புக்குப் போகும். கொஞ்சம் வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்களின் பலசரக்குக் கடைகளுக்குப் போகும். 2001ல் கடைக்கு ஒரு இணைய இணைப்பு எடுத்தபோது அதோடு சேர்ந்து வந்த மின்னஞ்சல் முகவரியைத்தான் இன்றைக்கும் பாவிக்கிறார். அது பில் புத்தகத்தில் இருக்கிறது, சாக்கில் குத்துகிற முத்திரையில் இருக்கிறது, வங்கியில் இருக்கிறது, வரி அலுவலகத்தில் இருக்கிறது. இப்போது கடையிலும் வீட்டிலும் வேறொரு நிறுவனத்தின் ஃபைபர். அந்தப் பழைய லைனை யாரும் தொடுவதே இல்லை. ஆனால் மாதாமாதம் அதற்கும் பில் கட்டுகிறார். லைனை வெட்டினால் முகவரியும் போய்விடும் என்பதால்.

"இது இன்டர்நெட் பில்லு இல்ல, முகவரிக்குக் கட்டுற வாடகை" என்று அவரே சொல்வார். வியாபாரி இல்லையா, கணக்கு அவருக்குத் தெளிவாகவே தெரியும்.

"ஒரு ஜிமெயில் எடுத்தா போச்சே பெரியப்பா?"

"எடுக்கலாம் மகன். நாளைக்கு அது தெறக்கலன்னா யாருகிட்டப் போயி சண்டை போடுறது? இவங்களுக்கு டவுன்ல ஒபிஸ் இருக்கு. ஐடி கார்டோட போயி நின்னா மூஞ்சியப் பாத்து பதில் சொல்லித்தானே ஆகணும்?"

இதை நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஜிமெயில் வைத்திருக்கிற நம்மில் ஒருவருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பெரியப்பாவின் தலைமுறைக்கு அந்தத் தெரிவு ஒரு காலத்தில் மிக நியாயமானது. டயல்அப் காலம். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தொலைபேசிக் கட்டணம் ஓடும். வீட்டுக்கு யாராவது போன் எடுத்தால் லைன் பிஸி. இணைப்பு நிறுவனத்தின் மெயில் என்றால், அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறந்து ஒரு தடவை இணைத்து வந்த கடிதங்களைக் கம்பியூட்டருக்குள் இறக்கிவிட்டு, இணைப்பைத் துண்டித்துவிடலாம். ஆறுதலாக வாசித்து, ஆறுதலாகப் பதில் எழுதி, அடுத்த முறை இணைக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பலாம். வெப்மெயிலில் அப்போது அது முடியாது. வாசிக்கும் நேரமெல்லாம், யோசித்து யோசித்துத் தட்டும் நேரமெல்லாம் மீட்டர் ஓடும். இடமும் குறைவு. ஆரம்ப கால ஹொட்மெயிலில் தந்தது 2 மெகாபைட். ஒரு கலியாணப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக யாராவது அனுப்பினால் பெட்டி நிரம்பிவிடும்.

(தமிழில் எழுதுவது தனிக் கூத்து. பெரியப்பா பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்புவார். அந்தப் பக்கம் பாமினி இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். "எழுத்து விளங்கவில்லை, ஃபாக்ஸ் அனுப்பவும்" என்று பதில் வரும்.)

2004 ஏப்ரல் 1ஆம் திகதி கூகுள் ஒரு கிகாபைட் இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது பலர் அதை முட்டாள்கள் தினப் பகிடி என்றே நினைத்தார்கள். யாராவது அழைத்தால்தான் உள்ளே போகலாம் என்ற நிலை 2007 பெப்ரவரி வரை இருந்தது. அதற்குள் ADSL வந்து, நிமிடக் கணக்கும் போய், பெரியப்பா சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. மிஞ்சியது அந்த ஒபிஸ் கவுண்டர் ஒன்றுதான்.

ஆனால் இந்தத் தெரிவு எல்லோருக்கும் இருந்ததா? இணைப்பு நிறுவனத்தின் முகவரி வேண்டுமென்றால் முதலில் உங்கள் பெயரில் ஒரு தொலைபேசி லைன் வேண்டும். டவுனில் கடை வைத்திருந்த பெரியப்பாவுக்கு அது இருந்தது. அம்மாவின் பக்கத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அம்மா பிறந்தது கலஹாப் பக்கம் ஒரு தோட்டத்தில். அங்கே முகவரி என்றால் நான்கு வரி. ஆளின் பெயர், டிவிஷன், தோட்டத்தின் பெயர், தபாற்கந்தோர். வீட்டு இலக்கமும் கிடையாது, வீதிப் பெயரும் கிடையாது. தபால்காரர் லயத்துக்கு வரமாட்டார். கடிதக் கட்டைத் தோட்ட ஒபிஸில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து யாராவது பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கவேண்டும், அல்லது அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்துவிடவேண்டும். ஒரே டிவிஷனில் நான்கு செல்வராஜ் இருந்தால் கடிதம் முதலில் எந்தச் செல்வராஜிடம் போகிறதோ, அவர் திறந்து வாசித்துவிட்டு "இது நம்மளுது இல்ல" என்று அடுத்தவரிடம் கொடுப்பார். மலையகத்தில் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். எங்கள் வீட்டுக் கதை சித்தியுடையது. அரச வேலை ஒன்றுக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் அவர் கைக்கு வந்தது, தேர்வு முடிந்து நான்கு நாளைக்குப் பிறகு. கவரில் தபால் முத்திரைத் திகதி சரியாகத்தான் இருந்தது. இடையில் அது எங்கே, யாருடைய மேசையில் கிடந்தது என்று இன்றுவரை தெரியாது. சித்தி அந்தக் கவரை இன்னும் வைத்திருக்கிறார்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்த முகவரி அவர்களுடையதே அல்ல. லயக் காம்பரா தோட்டத்துடையது. தோட்டத்தின் பெயர் இல்லாமல் ஆளுக்கு முகவரி இல்லை.

இணைப்பு நிறுவனத்தின் மின்னஞ்சலும் கிட்டத்தட்ட இதே அமைப்புத்தான். @க்கு முன்னால் உங்கள் பெயர், பின்னால் நீங்கள் யாருடைய இடத்தில் குடியிருக்கிறீர்கள் என்ற விபரம். வேலை செய்யும் கம்பனி தருகிற முகவரியும் அப்படியே. இருக்கிற வரைக்கும் வசதி, வெளியே வரும்போது முகவரி அங்கேயே நின்றுவிடும். ஹொட்மெயில் தோன்றிய கதையே இதிலிருந்துதான். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் வேலை பார்த்த இடத்தின் கண்ணில் படாமல் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொள்ள வழி தேடினார்கள். எந்தக் கம்பியூட்டரில் இருந்தும் உலாவி வழியாகத் திறக்கக்கூடிய மெயில் என்ற யோசனை அங்கே பிறந்தது. 1996 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று அதை வெளியிட்டார்கள். அடுத்த வருடக் கடைசியில் மைக்ரோசொஃப்ட் அதை வாங்கிவிட்டது.

அந்த வசதி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்னவாக இருந்தது என்பதை நான் பெரிய அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏ/எல் படிக்க டவுனுக்கு வந்தவர். டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில், நெட் கஃபேயில் அரை மணித்தியாலத்துக்குக் காசு கட்டி ஒரு யாகூ முகவரி திறந்திருக்கிறார். "என் பேரு இருந்துச்சு, பின்னால யாகூனு இருந்துச்சு. தோட்டத்துப் பேரு இல்ல. டிவிஷன் இல்ல. யாரும் முன்னாடியே பிரிச்சுப் படிக்க மாட்டாங்க" என்றார். அவருக்கு முதல் இரண்டு வருடம் அதில் வந்த கடிதங்கள் ஏழோ எட்டோதான். அதனால் என்ன?

ஆக, நான் வெப்மெயில் கட்சி. ஆனால் போன வருடம் தெல்தோட்டைப் பக்கம் பார்த்த ஒரு விஷயத்துக்குப் பிறகு, அதைக் கொஞ்சம் நிபந்தனையோடுதான் சொல்கிறேன்.

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கவேண்டும். அதற்கு மின்னஞ்சல் வேண்டும், தொலைபேசி இலக்கம் வேண்டும். நாங்கள் சிலபேர் பிள்ளைகளுக்கு உதவிசெய்யப் போயிருந்தோம். பாடநெறிகளை எந்த ஒழுங்கில் போடுவது, இஸட் ஸ்கோருக்கு எது சாத்தியம் என்று பேசத்தான் போனோம். பாதி நாள் போனது வேறு வேலையில். பெரும்பாலான பிள்ளைகளிடம் ஜிமெயில் இருந்தது. ஆனால் அதை அவர்கள் திறக்கவில்லை. டவுனில் இருக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் திறந்து கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கடையை நடத்தும் அண்ணன் நல்ல மனிசன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம், பரீட்சை விண்ணப்பம் எல்லாம் அவரிடம்தான். பிள்ளை வந்து "மெயில் ஒண்ணு வேணும்ணே" என்றால் ஐந்து நிமிடத்தில் திறந்து கொடுப்பார். கூகுள் தொலைபேசி இலக்கம் கேட்கும்போது தன்னுடைய பழைய சிம் ஒன்றின் இலக்கத்தைப் போடுவார், பிள்ளையிடம் போன் இல்லையே. பாஸ்வேர்டைத் துண்டில் எழுதிக் கொடுப்பார். பிள்ளைகள் தொலைத்துவிடும் என்று தன்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பியிலும் எழுதி வைப்பார். பெயர், முகவரி, பாஸ்வேர்ட் என்று கோடு போட்டு, ஊர்வாரியாகப் பிரித்து. அந்தக் கொப்பியை நான் பார்த்தேன். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. தோட்டத்துச் செக்ரோல் மாதிரி அத்தனை நேர்த்தி.

நாங்கள் இருந்த அன்று போயா. கடை பூட்டு. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஒரு தங்கச்சி தன் அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த புதுப் போனில் மெயிலைத் திறக்கப் பார்க்கிறாள். பாஸ்வேர்ட் சரி. ஆனால் புதுப் போன் என்பதால் உறுதிப்படுத்தும் இலக்கம் அனுப்பியிருப்பதாகத் திரையில் வருகிறது. எங்கே அனுப்பியிருக்கிறது? கடை அண்ணனின் பழைய சிம்முக்கு. அது கேட்டதில் பிழையே இல்லை, கேட்கத்தான் வேண்டும். அண்ணனுக்கு போன் எடுத்தால் அவர் ஹட்டனில் ஒரு கலியாண வீட்டில். அந்த சிம் இருக்கும் போன் வீட்டு மேசை லாச்சிக்குள். ஒரு வழியாக இரவு எட்டு மணிக்குப் பிறகு அவர் வீட்டுக்கு வந்து அந்தப் போனைச் சார்ஜில் போட்டு, மறுபடி அனுப்பச் சொல்லி, ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கச்சி எழுதிக்கொண்டாள். கை நடுங்கியதால் மூன்றாவது இலக்கத்தைத் திரும்பக் கேட்டாள்.

விண்ணப்பம் போய்விட்டது. ஆனால் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்த காலத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? முகவரியில் தோட்டத்தின் பெயர் இல்லை, அவ்வளவுதான். திறப்பு இன்னும் வேறொருவர் லாச்சியில். ஒருவேளை அவர் அந்தச் சிம்மைக் கைவிட்டிருந்தால்? கொஞ்ச காலம் பாவிக்காத இலக்கத்தை நிறுவனங்கள் வேறு யாருக்காவது கொடுத்துவிடுகின்றன. அப்புறம் அந்த ஆறு இலக்கம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். இன்னொன்று, கூகுள் 2023ல் ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டு வருடம் எட்டிப்பார்க்காத தனிநபர் கணக்குகளை அந்த வருட டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியது. விண்ணப்பத்துக்காக மட்டும் திறந்து பிறகு மறந்துபோகிற கணக்குகள்தான் எங்கள் பக்கம் அதிகம்.

பெரியப்பாவின் கவுண்டர் கேள்விக்கும் இங்கேதான் வரவேண்டியிருக்கிறது. இலவசமாகக் குடியிருப்பவரிடம் வீட்டுக்காரர் நின்று பதில் சொல்லத் தேவையில்லை. கண்டியில் கூகுளுக்கு ஒபிஸ் கிடையாது. ஐடி கார்டை எங்கே நீட்டுவது?

அதற்காக ஒபிஸ் இருப்பவரிடம் பாதுகாப்பு என்று முடிவுகட்டவும் முடியாது. பிரித்தானியாவில் ஃப்ரீசேர்வ் என்று ஒரு சேவை 1998ல் தொடங்கியது. அது வனடூ கைக்குப் போய், பிறகு ஒரேஞ்ச் ஆகி, கடைசியில் ஈ.ஈ. நிறுவனத்திடம் வந்தது. 2017 மே 31ஆம் திகதி அந்தப் பழைய பெயர்களில் இருந்த மின்னஞ்சல் முகவரிகள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். அதே வருடம் நவம்பர் 30ல் நியூசிலாந்து வோடஃபோனும் தன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தியது. இவர்களுக்கெல்லாம் கடையும் இருந்தது, கவுண்டரும் இருந்தது. இணைப்பு விற்பதுதான் அவர்கள் தொழில். மெயில் அதோடு கொடுத்த கறிவேப்பிலை.

நம் நாட்டிலேயே 2023 ஓகஸ்டில் நடந்ததையும் மறக்கக்கூடாது. அரச நிறுவனங்களின் மின்னஞ்சல் இருந்த லங்கா அரச மேகக்கணினி ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறக்குறைய 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயே போய்விட்டன. அந்தக் காலப்பகுதிக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், பெரியப்பாவின் இருபது வருடக் கடிதங்கள் கடையின் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பதை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. இறக்கிய பிறகு சேர்வரில் மிச்சம் வைக்காத அந்தப் பழைய வழக்கம் அப்படியே தொடர்கிறதே.

பெரியப்பாவுக்கு நான் சொன்னது ஜிமெயிலும் இல்லை. கடையின் பெயரில் ஒரு .எல்கே பெயரைப் பதிவுசெய்யச் சொன்னேன். @க்குப் பின்னால் வருவது அவருடைய கடைப் பெயராகவே இருக்கும். கடிதங்களை இன்றைக்குக் கூகுளிடம் வைக்கலாம், நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் இன்னொருவரிடம் மாற்றலாம். சாக்கு முத்திரை மாறாது. (தமிழிலேயே .இலங்கை என்ற முடிவோடும் பெயர் எடுக்கலாம், 2010லிருந்து இருக்கிறது. ஆனால் தமிழெழுத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியை வங்கிப் படிவத்தில் எழுதிப் பாருங்கள், படிவம் ஏற்கிறதா என்று.) இதற்கும் வருடாவருடம் கட்டணம் உண்டு. கட்ட மறந்தால் இதுவும் போகும். "அப்ப இதுவும் வாடகதானே?" என்றார். ஆம், ஆனால் மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. அந்தப் பதிவகம் நம் நாட்டிலேயே இருக்கிறது, ஐடி கார்டோடு போகலாம் என்றதும்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. பழைய லைனை உடனே வெட்டவில்லை. ஒரு வருடத்துக்கு இரண்டும் ஓடட்டும், பழையதற்கு வருவதை எல்லாம் குறித்துக்கொண்டு வங்கி, வரி, மின்சார பில் என்று ஒவ்வொரு இடமாக மாற்றுவோம் என்று ஏற்பாடு. இதுவரை மாற்றியது பதினொன்று. பன்னிரண்டாவது ஒரு காப்புறுதிக் கம்பனி, பழைய முகவரியிலிருந்து கடிதம் எழுதினால்தான் முகவரியை மாற்றுவார்களாம். நல்லவேளை, லைனை வெட்டவில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்கு .எல்கே பெயர் எடு என்று சொல்ல முடியாது. அவளுக்கு ஜிமெயில்தான் சரி. ஆனால் அது அவள் பெயரில் இருக்கவேண்டும், பெயரளவில் இல்லை. அந்த அவதிக்கு அடுத்த நாள் நாங்கள் அந்தத் தங்கச்சியோடு உட்கார்ந்து கடை அண்ணனின் இலக்கத்தை எடுத்துவிட்டு அவளுடைய இலக்கத்தைப் போட்டோம். இரண்டாவதாக, கொழும்பில் இருக்கும் அண்ணனின் மெயிலை மீட்பு முகவரியாகச் சேர்த்தோம். பாஸ்வேர்டை மாற்றினாள், எங்களைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு. பிறகு கூகுள் தருகிற மாற்றுக் குறியீடுகளை எடுத்தோம். பத்துக் குறியீடு, ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பாவிக்கலாம். போன் தொலைந்தாலும் சிம் போனாலும் இதை வைத்து உள்ளே போகலாம். அதைக் கடதாசியில் அச்சடித்துப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற ஃபைலிலேயே வைக்கச் சொன்னோம்.

அச்சடிக்க வேறு இடம் இல்லை. அதே கடைக்குத்தான் போனோம். அண்ணன் முகம் நிறைய சிரிப்போடு, முந்தின நாள் இரவு நடந்ததை எங்களுக்கே திரும்ப ஒருமுறை சொல்லிக்கொண்டு பிரிண்ட் எடுத்தார். தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். சீ.ஆர். கொப்பி பக்கத்திலேயே இருந்தது.

"இன்னொரு கொப்பி எடுத்து நான் வச்சிருக்கவா? தொலைச்சிருவியே."

"வேணாம்ணே, ஒண்ணு போதும்" என்று தங்கச்சி தாளை வாங்கி நான்காக மடித்தாள். இருபது ரூபாய்.